சுருளிக்கு வாங்கிய லைஃப் ஜாக்கெட்: மூன்று மாதம் ஆற்றில் போட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

நாய்க்கு லைஃப் ஜாக்கெட் வாங்கினேன் என்றதும் எங்கள் ஒழுங்கையில் ஒரு வாரம் நான்தான் பகிடி. சிரித்த ஆட்களில் இரண்டு பேர் பிறகு தனியாக வந்து என்ன விலை, எங்கே எடுத்தாய் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியாது என்பதால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஆளைச் சொல்ல வேண்டும். சுருளி சாதாரண ஊர் நாய். வால் வளையமாகச் சுருண்டு முதுகில் கிடக்கும், அதனால் அந்தப் பெயர். எடை 18 கிலோ. நாங்கள் இருப்பது மட்டக்களப்பு நாவற்குடாவில், வீட்டுப் பின்வேலியைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஆறு. வாவி என்று புத்தகத்திலும் பெயர்ப்பலகையிலும்தான் எழுதியிருக்கும், வாயில் வருவது ஆறுதான். மாமாவிடம் ஒரு ஃபைபர் தோணி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடப் போவோம், சுருளி கூட வராமல் தோணி கரையை விட்டு நகராது. மாமா அவனைக் கரையில் விட்டுவரப் பார்த்த நாட்களில் பின்னாலேயே நீந்தி வந்திருக்கிறான்.

வாங்க வைத்த கதை இது. கல்லடிப் பாலத்தடியில், அந்தப் பழைய இரும்புப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றோம். பாயாமல் இருக்கட்டும் என்று சுருளியின் கழுத்துப்பட்டியில் கயிறு போட்டுத் தோணியின் குறுக்குப் பலகையில் கட்டியிருந்தேன், அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். நீர்க்காகம் ஒன்று பக்கத்தில் தலையைத் தூக்கியதும் பாய்ந்துவிட்டான். கயிறு நீளம் காணாது. பாதி உடம்பு தண்ணீருக்குள், கழுத்து கயிற்றில் தொங்குகிறது, நீந்தவும் வழியில்லை ஏறவும் வழியில்லை. மாமா மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பெரிய கூத்து. நனைந்த நாயைத் தோணிக்குள் இழுக்கப் பிடிப்பு எதுவும் இல்லை, கழுத்துப்பட்டியைப் பிடித்தால் தலைவழியாகக் கழன்று வருகிறது, முன்னங்காலைப் பிடித்தால் கத்துகிறான், நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் குனிந்ததில் தோணி சரிந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கடைசியில் விட்டுவிட்டு, அவனைப் பக்கத்தில் நீந்த வைத்துக்கொண்டு மெதுவாகக் கரைக்கு வலித்தோம். கரையேறியதும் அவன் உடம்பை உதறிவிட்டு வாலாட்டினான், எனக்குக் கை நடுக்கம் நிற்க ஒரு மணித்தியாலம் ஆனது.

அன்றோடு தோணியில் நாயைக் கட்டுவதை விட்டுவிட்டேன். தோணி கவிழ்ந்தால் கட்டிய நாயும் அதோடு போகும். கழுத்துப்பட்டியையும் ஏறுமுன் கழற்றிவிடுகிறேன், கரையோரச் சதுப்பில் வளரும் கண்ணாப் பற்றை வேர்களிலோ வலையிலோ கொழுவினால் கதை முடிந்தது.

டவுனில் நாய்ச் சாமான் விற்கிற கடைகளில் சங்கிலி, பட்டி, தீனி, சம்பூ எல்லாம் இருந்தன, லைஃப் ஜாக்கெட் என்றதும் முகத்தைப் பார்த்தார்கள். அதனால் ஒன்லைனில் கொழும்புக் கடை ஒன்றில் எடுத்தேன். 7,450 ரூபா, கூரியருக்கு 450. நான்கு நாளில் வரும் என்றார்கள், பதினொரு நாள் ஆனது. ஜாக்கெட்டில் கம்பனிப் பெயர் எதுவும் இல்லை, உள்ளே ஒரு சுறாப் படமும் சீன எழுத்தும்தான், ஆகவே பெயர் சொல்லித் தேட முடியாது. முதுகில் சுறாச் செட்டை ஒன்று பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். அந்தச் செட்டையை நான் முதல் நாளே வெட்டி எறிந்துவிட்டேன். படம் எடுக்க அழகாக இருக்கலாம், ஆனால் கைபிடிக்குக் கை போகிற வழியில் நிற்கிறது.

நிறத்தில் சாம்பல், நீலம், செம்மஞ்சள் என்று மூன்று இருந்தன. செம்மஞ்சளே எடுங்கள். எங்கள் ஆற்றுத் தண்ணீர் பாசிப் பச்சையும் சேற்று நிறமும் கலந்தது, அதில் சாம்பல் ஜாக்கெட் போட்ட நாயைத் தேடுவதும் மிதக்கிற கட்டையைத் தேடுவதும் ஒன்றுதான்.

பெட்டியில் 'சான்றளிக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை நம்பிக் காசு கூடக் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் கரையோரக் காவல்படை மனிதர் போடும் ஜாக்கெட்டுக்கு முத்திரை கொடுக்கிறது, நாய் ஜாக்கெட்டுக்கு அப்படி ஒன்று கொடுப்பதே இல்லை. நாய்ச் சட்டையில் எது நல்லது எது கெட்டது என்பதை வாங்குகிற நாம்தான் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பிடித்துப் பார்த்தேன். முதுகிலும் இரண்டு பக்கமும் இரண்டு சென்றிமீற்றர் தடிப்பில் ஃபோம், ரெஜிபோம் மாதிரி நொறுங்காது, தண்ணீரும் குடிக்காது. வயிற்றுக்குக் கீழே இரண்டு பட்டி, பிளாஸ்டிக் கிளிப் உள்ளது. கழுத்துக்கு முன்னால் வெல்க்ரோ. தாடைக்குக் கீழே சின்னதாக ஒரு மிதவை. முதுகில் கைபிடி ஒன்று, அதற்குப் பின்னால் கயிறு கொழுவ ஓர் இரும்பு வளையம். தையல் இரட்டைத் தையல், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அளவில்தான். கடைக்காரர் அட்டவணையில் எடையைப் போட்டு அளவு கொடுத்திருந்தார், 15 முதல் 22 கிலோ வரை நடுத்தரம் என்று. சுருளி 18 கிலோ, நெஞ்சுச் சுற்று 62 சென்றிமீற்றர், எல்லாம் அட்டவணைக்குள் வந்தது. ஆனால் அந்த அட்டவணை லாப்ரடோர் மாதிரி முன்னும் பின்னும் ஒரே உருளையாக இருக்கிற நாய்க்குப் போட்டது. நம்முடைய ஊர் நாய்க்கு நெஞ்சுக் கூடு ஆழமாக இறங்கும், இடுப்பு சட்டென்று ஒடுங்கிவிடும். சுருளிக்கு இடுப்புச் சுற்று 44தான். முன் பட்டி கச்சிதமாக நின்றது, பின் பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் அது நெஞ்சுக் கூட்டின் முடிவைத் தாண்டி ஒடுங்கிய இடத்துக்கு வழுகிப் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டு முற்றத்தில் கைபிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், மூக்குக் கீழே போக, பின்பக்கம் மேலே வர, ஆள் முன்னால் வழிந்து வெளியே வந்துவிட்டான். இதையே ஆற்றின் நடுவில் செய்திருந்தால் என் கையில் வெறும் ஜாக்கெட்தான் இருந்திருக்கும்.

அதனால் யார் வாங்கினாலும் நாய் நனைவதற்கு முதல் தரையில் தூக்கிப் பாருங்கள். இரண்டு விரல் உள்ளே போகிற அளவுக்குப் பட்டி இறுக்கமாக இருக்க வேண்டும், மூன்று விரல் போனால் தளர்வு. தூக்கும்போது வயிறு ஒரே மட்டமாக மேலே வர வேண்டும்.

திருப்பி அனுப்பலாமா என்று கடைக்கு வட்ஸ்அப் போட்டேன். பார்த்த அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. இரண்டாம் தரம் போட்டதற்கு 'நாய் போட்டுப் பார்த்த பொருள் திருப்பி எடுக்க மாட்டோம்' என்று வந்தது. நாய்க்குப் போட்டுப் பார்க்காமல் நான் போட்டுப் பார்ப்பதா?

சண்டை பிடிக்க நேரமில்லை. டவுனில் செருப்பும் பேக்கும் தைக்கிற ஓர் ஐயாவிடம் ஜாக்கெட்டையும் கொடுத்து நாயையும் காட்டினேன். அவர் ஒரு பார்வையிலேயே விசயத்தைப் பிடித்துக்கொண்டார். பின் பட்டியை முழுதாக அவிழ்த்து ஒன்பது சென்றிமீற்றர் முன்னுக்குக் கொண்டுவந்து தைத்தார், அப்புறம் பழைய பள்ளிக்கூடப் பையின் நைலோன் பட்டி ஒன்றை எடுத்து, கழுத்துப் பக்கத்திலிருந்து முன்னங்கால்களுக்கு நடுவால் வயிற்றுப் பட்டி வரை ஓட விட்டார். அந்த நடுப் பட்டி வந்த பிறகு ஜாக்கெட் பின்னாலும் போகாது, முன்னால் கழுத்தைத் தூக்கியும் வராது. 600 ரூபா கேட்டார், 1,000 கொடுத்தேன். ஜாக்கெட்டைச் செய்த கம்பனியை விட ஊர் நாயின் உடம்பு அவருக்குத் தெரிந்திருந்தது.

கைபிடி எவ்வளவு தாங்கும் என்று அறிய 25 கிலோ அரிசி மூட்டைக்கு ஜாக்கெட்டை மாட்டிக் கைபிடியில் தூக்கி முற்றத்தில் இருபது தடவை ஆட்டினேன். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அரிசியும் நீந்தப் போகுதா மனே?" என்றா. தையல் ஓர் இழை கூட விடவில்லை. கைபிடிக்கு முழு மதிப்பெண்.

முதல் நாள் வீட்டுப் பின்பக்கத்தில், என் முழங்காலளவு தண்ணீரில் இறக்கினேன். பத்து நிமிடம் சிலை. ஜாக்கெட் போட்டதும் சில நாய்கள் இப்படி உறைந்துவிடும், அதனால் நேரே தோணிக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டுக்குள் இரண்டு மூன்று நாள் போட்டு, போட்ட பிறகு ஏதாவது தின்னக் கொடுத்துப் பழக்க வேண்டும். சுருளிக்கு அவித்த முட்டை. நான்காம் நாள் ஜாக்கெட்டைக் கண்டாலே முட்டை எங்கே என்று கேட்கிற முகம் வந்துவிட்டது.

மிதப்பதில் நல்ல வித்தியாசம். ஜாக்கெட் இல்லாமல் நீந்தும்போது பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் போவான், களைத்தால் இன்னும் தாழும். நாய் களைத்ததை எப்படி அறிவது என்று ஒருவர் கேட்டார்: உடம்பு சரிவாக நிமிர்ந்துவிடும், முன்னங்கால்கள் தண்ணீருக்கு மேலே வந்து சளக் சளக் என்று அடிக்கும். நன்றாக நீந்துகிற நாயின் கால் தண்ணீருக்கு மேலே வராது. ஜாக்கெட்டோடு சுருளி ஒரே மட்டமாகப் போனான், காலடிச் சத்தமே இல்லை. இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் நான் அவனைக் கரையேற்றிவிடுகிறேன், ஏனென்றால் தடி எறிந்தால் இவன் செத்தாலும் போய் எடுப்பான், போதும் என்று அவனாகச் சொல்லவே மாட்டான்.

இப்போது தோணி. நான் காசு கொடுத்ததே இதற்காக. சுருளி பாய்ந்தால் முதலில் மோட்டரை நிறுத்த வேண்டும், துடுப்பென்றால் வலிப்பதை நிறுத்த வேண்டும். ஒருவர் நாய் இருக்கிற பக்கம் தோணியின் அடித்தட்டில் முழங்கால் போட்டு உட்கார வேண்டும், நிற்கக் கூடாது. மற்றவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து பாரம் கொடுக்க வேண்டும். நாயைத் தோணிக்கு முகம் காட்ட வைத்து, முன்னங்கால் இரண்டும் விளிம்பில் பட்டதும் ஒரே இழுப்பாகக் கைபிடியில் மேலும் உள்ளுமாக இழுத்தால் அவனே பின்னங்காலை உதைத்து உள்ளே வந்து விழுவான். மூன்று மாதத்தில் நான்கு தடவை இப்படி ஏற்றியாயிற்று, ஒரு தடவை கூடத் தோணிக்குள் தண்ணீர் வரவில்லை. முன்பு மாமா, "நாய்க்குச் சட்டை போட்டு ஆத்துக்குக் கூட்டிப் போற காலம் வந்திட்டு" என்று சொல்லிச் சிரித்தவர், இப்போது ஏறுமுன் அவரே கிளிப்பைப் போட்டுவிடுகிறார். கைபிடியில் வெகுநேரம் தொங்க விடாதீர்கள், மூச்சு அடைக்கும். இழுத்தால் உடனே உள்ளே.

இரவில் ஒரு தடவை பார்த்தோம். பௌர்ணமிக்குப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறுநுனியில் காது வைத்து, இந்த ஆற்றில் கேட்கும் என்று சொல்கிற பாடும் மீனின் சத்தம் கேட்க உட்கார்ந்தோம், சுருளி பாலத்தில் போன மோட்டார் சைக்கிளுக்கெல்லாம் குரைத்ததில் மீன் பாடியதா இல்லையா என்றே தெரியாது. திரும்பி வந்து கரையில் இருட்டுக்குள் ஓடிவிட்டான், டோர்ச் அடித்ததும் ஜாக்கெட்டின் ஒளிர்பட்டி ஐம்பது அடிக்கு அப்பால் பளிச்சென்று தெரிந்தது. நல்லது.

தங்கச்சியின் நாய் பக் வகை, பெயர் குண்டு. அவளும் கேட்டு இதே ஜாக்கெட்டில் சின்ன அளவை 4,800 ரூபாவுக்கு எடுத்தாள். குண்டைப் பாசிக்குடாக் கடற்கரைக்குக் கூட்டிப் போனோம், அங்கே தண்ணீர் வெகுதூரம் வரை இடுப்பளவுதான், புதிதாகப் பழக்குகிற நாய்க்கு அதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் எனக்குத் தெரியாது. குண்டுக்கு ஜாக்கெட் முதல் நாளே அளவாக இருந்தது, அவன்தான் உருளையாயிற்றே. ஆனால் மூக்கு சப்பையான நாய்க்கு நீச்சல் இயல்பாக வராது, தலை கனம், மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைக்கத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும், சாய்த்தால் பின்பக்கம் தாழும். அந்தத் தாடை மிதவை இதற்காகத்தான், சுருளிக்கு அது வெறும் அலங்காரம், குண்டுக்கு அதுதான் உயிர். அப்படியும் சின்ன அலை ஒன்று மூக்கில் அடித்ததும் திணறினான். தங்கச்சி கையை எடுக்கவே இல்லை. "அண்ணா, இவன் கரையில் இருந்து நண்டு பார்த்தால் காணும்" என்றாள். சரியான முடிவு. கால் குட்டையான டாக்ஸ்ஹுண்ட், புல்டோக் வைத்திருப்பவர்களும் ஜாக்கெட் இருக்கிறது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். கல்லடிக் கடலில் எந்த நாயையும் இறக்காதீர்கள், அங்கே கரை சட்டென்று ஆழமாகும், இழுவையும் உண்டு.

ஜாக்கெட் செய்ய முடியாததையும் சொல்ல வேண்டும். முதலை. எங்கள் ஆற்றில் முதலை இருக்கிறது என்பது இங்கே யாருக்கும் புதினமில்லை. ஃபோம் சட்டை அதற்கு ஒரு வாய்க்குக் காணாது. கண்ணாப் பற்றைப் பக்கம், பொழுதுபட்ட பிறகு, விடியுமுன், நான் சுருளியைத் தண்ணீரில் விடுவதே இல்லை, பௌர்ணமி இரவன்று கூட அவன் தண்ணீரில் இறங்கவில்லை. வீச்சு வலைக்காரர் யாராவது இன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம் தம்பி என்றால் மறுகேள்வி கேட்காமல் தோணியைத் திருப்பிவிடுவேன்.

அடுத்தது சூடு. இதைத்தான் நான் குறைவாக நினைத்திருந்தேன். ஜாக்கெட்டின் உள் துணி கறுப்பு, காற்றுப் போகாது. கச்சான் என்கிற சூடான மேல்காற்று வீசுகிற காலத்தில் பதினொரு மணிக்கே தோணியின் ஃபைபர் தட்டு கால் வைக்க முடியாமல் கொதிக்கும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை விடும். ஒருநாள் சுருளி எச்சில் தடித்து வழிய, கண் சொருகினது மாதிரி நின்றான். உடனே ஜாக்கெட்டைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, பாலத்து நிழலுக்குப் போனோம், தப்பினான். இப்போது அடித்தட்டில் ஈரச் சாக்கு விரிக்கிறோம், காலை ஒன்பதுக்கு முன் திரும்பிவிடுகிறோம். காற்றும் பிறகுதான் கிளம்பும் என்பதால் அலைக்கும் இதுவே நல்லது.

உப்பு. முகத்துவாரப் பக்கம் தண்ணீர் நல்ல உப்பு, தெற்கே போகப் போகக் குறையும். நாய் நீந்தும்போது வாய் திறந்து குடிக்கும், பந்தைக் கௌவினால் இன்னும் குடிக்கும். கூடப் போனால் வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், அதற்கு மேலும் போகலாம். இரண்டு லீற்றர் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டு போய் இடைக்கிடை கொடுங்கள். நீந்தி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காதைத் துடைத்துவிடுங்கள். மாரி வெள்ளக் காலத்தில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், வருடத் தடுப்பூசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். கரைவலை இழுத்த இடத்தில் எறிந்து கிடக்கும் பேத்தை மீனை நாய் வாயில் வைக்க விடாதீர்கள், காய்ந்ததென்றாலும் நஞ்சு நஞ்சுதான்.

மூன்று மாதத்தில் ஜாக்கெட்டின் நிலை: ஃபோம் புதிது மாதிரி இருக்கிறது. நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. துருப்பிடிக்காது என்று விளம்பரத்தில் போட்ட வளையம் மூன்றாம் கிழமையே துருப்பிடித்தது. கழுத்து வெல்க்ரோவில் மணலும் மயிரும் அடைத்து இப்போது பாதிதான் ஒட்டுகிறது, பழைய பல்துலக்கியால் கிளறினால் கொஞ்சம் உயிர் வரும், அடுத்த மாதம் அதையும் ஐயாவிடம் கொடுத்துக் கிளிப்பாக மாற்றப் போகிறேன். ஒருநாள் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து போட்டதில் அக்குள் சிவந்து மயிர் கொட்டியது, அதனால் கரையேறியதும் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிணற்றுத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுகிறேன்.

லாப்ரடோர், பக் வைத்திருப்பவர்களுக்கு இது கொடுத்த காசுக்குப் பெறுமதி. ஊர் நாய் வைத்திருப்பவர்கள் 7,450க்கு மேலே இன்னொரு 1,000ஐ ஒதுக்கி வைத்துக்கொண்டு வாங்குங்கள், அதோடு ஓடர் போடுமுன் நெஞ்சுச் சுற்று, இடுப்புச் சுற்று இரண்டையும் அளந்து, பின் பட்டி எந்த இடத்தில் வருகிறது என்று கடைக்காரரிடம் படம் கேளுங்கள். படம் அனுப்பாத கடையில் எடுக்காதீர்கள், எனக்கு விற்றவர் அனுப்பியிருக்கவில்லை. ஐந்துக்கு மூன்றரை போடுகிறேன், அதில் இரண்டு கைபிடிக்கு.

போன ஞாயிறு தோணியில் ஏறும்போதுதான் மாமா கவனித்தார், மூன்று பேரில் ஜாக்கெட் இருப்பது சுருளிக்கு மட்டும்தான். அவருடையது வீட்டில் ஆணியில் தொங்குகிறது, என்னுடையதை நான் இன்னும் வாங்கவே இல்லை.